கடலை நோக்கி ஒரு நேர்கோடு

என்னிடம் வந்த கேள்வி இது: "விடுமுறையில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்க 'மிஸ்டர் பீன்ஸ் ஹாலிடே' சரியாக இருக்குமா? ஆறு வயதுப் பையன் இருக்கிறான். எழுபதைத் தாண்டிய அம்மாவும் இருக்கிறார், அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வெறும் விழுந்து எழும் கோமாளித்தனம்தானா, இல்லை பெரியவர்கள் ரசிக்கவும் அதில் ஏதாவது இருக்கிறதா?"

தயங்காமல் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான படம் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாததைக் குறையாகவே நினைக்க வேண்டாம். படத்தின் நாயகனுக்கும் அவர் போய் இறங்கும் நாட்டின் மொழி தெரியாது. தெரிந்ததெல்லாம் 'உய்', 'நோன்' என்ற இரண்டு பிரெஞ்சுச் சொற்களும், 'கிராசியாஸ்' என்ற இன்னொன்றும்தான். அந்த மூன்றாவது ஸ்பானிஷ். எனவே அம்மாவும் பீனும் ஒரே நிலையில்தான் பிரான்சுக்குள் நுழைகிறார்கள்.

இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை. இந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல்முறை சிரித்ததோடு சரி. மூன்றாவது, நான்காவது முறை பார்த்தபோதுதான் எவ்வளவு கவனமாகக் கட்டியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

முதலில் படம் யாருடையது என்று சொல்லிவிடுகிறேன். 2007-ல் வந்தது, ஒன்றரை மணி நேரம் ஓடும். ரோவன் அட்கின்சன் நடிக்க, ஸ்டீவ் பெண்டலாக் இயக்கினார். திரைக்கதை எழுதியவர்கள் ஹேமிஷ் மெக்கோலும் ராபின் டிரிஸ்காலும். டிரிஸ்கால் தொலைக்காட்சித் தொடர் காலத்திலிருந்தே பீனுக்கு எழுதி வந்தவர். கதை சைமன் மெக்பர்னியுடையது. இந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் 'கம்ப்ளிசிட்டே' என்ற நாடகக் குழுவை நிறுவியவர்களில் ஒருவர். பாரிஸில் ழாக் லெகோக் நடத்திய பள்ளியில் பயின்றவர். பேச்சை நம்பாமல் உடம்பை வைத்தே கதை சொல்லப் பழக்கும் பள்ளி அது. இந்தப் படத்தில் வசனம் ஏன் இவ்வளவு குறைவு, ஆனாலும் கதை ஏன் எங்கும் தடுக்குவதில்லை என்பதற்குப் பாதி விடை அங்கே இருக்கிறது.

மீதிப் பாதி அட்கின்சனிடம். அவர் படித்தது மின் பொறியியல். நியூகாசிலில் பட்டம் வாங்கி, ஆக்ஸ்ஃபோர்டில் முதுகலை படிக்கப் போன இடத்தில்தான் பின்னாளில் பீன் தொடரைத் தன்னோடு சேர்ந்து எழுதிய ரிச்சர்ட் கர்டிஸைச் சந்தித்தார், இந்தக் கதாபாத்திரத்தின் விதையும் அங்கேதான் விழுந்தது. 1987-ல் கனடாவின் மான்ட்ரியல் நகைச்சுவை விழாவுக்குப் போனபோது, ஆங்கில மேடை இருந்தும், பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கான நிகழ்ச்சியில்தான் தன்னைப் போடும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கிருந்தவர்களுக்குக் காரணம் புரியவில்லை. மொழியே இல்லாமல் இந்த மனிதன் சிரிக்க வைப்பானா என்று அவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். தொடர் தொலைக்காட்சியில் தொடங்கியது 1990 ஜனவரி 1 அன்று. மொத்தமே 15 பகுதிகள்தான். அந்தப் பதினைந்தை வைத்துக்கொண்டுதான் உலகம் முழுக்க அவர் முகம் தெரிந்தது. பிரெஞ்சு பேசும் பார்வையாளர் முன் மொழி இல்லாமல் நின்றவர், இருபது வருடம் கழித்து அதே ஆளை பிரான்சுக்கே கூட்டிப்போய் நிறுத்துகிறார். படம் தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் போகிற மாதிரி எனக்குத் தோன்றும்.

சரி, கதை. லண்டனில் மழை. ஒரு தேவாலயத்தில் குலுக்கல். பீன் தன் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு 919-ஐ 616 என்று படித்து ஏமாந்து, பிறகு திருப்பிப் பார்த்துப் பரிசு தனக்குத்தான் என்று கண்டுபிடிக்கிறார். பரிசு: தென் பிரான்சில் கான் நகரக் கடற்கரைக்கு ஒரு பயணம், ஒரு வீடியோ கேமரா, 200 யூரோ. முதல் ஐந்து நிமிடத்திலேயே படம் தனக்கு வேண்டியதை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டது. இந்த மனிதர் கடலைப் பார்க்க வேண்டும். கையில் ஒரு கேமரா இருக்கிறது. அவ்வளவுதான் கதை.

அந்தக் கேமராவைக் கவனியுங்கள். பயணம் முழுக்க அவர் கையை நீட்டித் தன் முகத்தைத் தானே எடுத்துக்கொண்டே போகிறார். ஐஃபோன் கடைக்கு வருவதற்கு முன்னால் வெளியான படம் இது. அன்றைக்கு அது ஒரு விசித்திர மனிதனின் பழக்கமாகத் தெரிந்தது. இன்றைக்கு எந்தச் சுற்றுலாத் தலத்துக்குப் போனாலும் எல்லோரும் அப்படித்தான் நிற்கிறோம். உங்கள் பையனுக்கு அதில் வினோதமாக எதுவுமே தெரியாமல் போகலாம்.

பாரிஸில் இறங்கியவர் கார் து நோர் நிலையத்திலிருந்து கார் த லியோன் நிலையத்துக்குப் போக வேண்டும். தெற்கே போகும் ரயில்கள் அங்கிருந்துதான் கிளம்பும். டாக்சி மாறிப்போய், நகரத்தின் மேற்கு ஓரத்தில் கண்ணாடிக் கட்டடங்களாக நிற்கும் லா தெஃபான்ஸில் போய் இறங்குகிறார். இனி என்ன செய்வார்? வரைபடத்தில் ஒரு கோடு போடுகிறார். திசைகாட்டியைக் கையில் எடுக்கிறார். கண்ணை அதன் முள்ளிலிருந்து எடுக்காமல் நடக்கத் தொடங்குகிறார். நேராக. சாலை வளைந்தால் என்ன, எதிரே கட்டடம் இருந்தால் என்ன, யாரோ உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் என்ன, கோடு எப்படிப் போகிறதோ அப்படியே போவார்.

படத்தின் உயிர் இந்த நேர்கோட்டில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பீனை முட்டாள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் கூர்ந்து பார்த்தால் அவர் செய்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறுகிய வழி நேர்கோடு. சரிதானே? பொறியியல் படித்தவர் உருவாக்கிய கதாபாத்திரம் என்பது இங்கே பளிச்சென்று தெரியும். கணக்கு சரி, ஆனால் அதில் மற்ற மனிதர்களைச் சேர்த்துக்கொள்ள அவருக்குத் தெரியாது. குழந்தைகளும் அப்படித்தான். பொம்மை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தால் மேசைக்கு அடியில் புகுந்து போவார்களே தவிரச் சுற்றிப் போக மாட்டார்கள். அட்கின்சனே பீனைப் பெரிய மனிதன் உடம்பில் இருக்கும் ஒரு குழந்தை என்றுதான் விவரித்திருக்கிறார். ஆறு வயதுப் பையன் இந்தக் காட்சியில் விழுந்து விழுந்து சிரிப்பதற்குக் காரணம், திரையில் தன்னைப் போலவே யோசிக்கிற ஒரு பெரியவரைப் பார்ப்பதுதான்.

அப்புறம் அந்த உணவக் காட்சி. இதைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கார் த லியோன் நிலையத்தில் ஒரு தானியங்கி விற்பனை இயந்திரத்தில் கழுத்து டை மாட்டிக்கொண்டு, ரயில் கண்ணெதிரே போய்விடுகிறது. அடுத்த ரயிலுக்கு நேரம் இருக்கிறது. நிலையத்தின் மாடியில் இருக்கும் 'லெ ட்ரான் ப்ளூ' உணவகத்துக்குப் போகிறார். நிஜமான இடம்தான், 1901-ல் திறந்தது. கூரையும் சுவரும் தங்க முலாமும் ஓவியமுமாக ஒரு அரண்மனை மாதிரி இருக்கும். அந்த ஓவியங்கள் என்னவென்று நினைக்கிறீர்கள்? அங்கிருந்து கிளம்பும் ரயில்கள் போய்ச் சேரும் ஊர்கள், தெற்கின் கடற்கரைகள். அதாவது பீன் எந்தக் கடலுக்காக ஏங்குகிறாரோ, அந்தக் கடல் வண்ணமாகத் தலைக்கு மேலே தொங்க, கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறார். படம் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. தெரிந்தவர் ரசித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது.

பரிமாறும் தலைமைப் பணியாளராக வருபவர் ழான் ரோஷ்ஃபோர். பிரெஞ்சுத் திரையுலகின் பெரிய நடிகர், 2017-ல் மறைந்தார். இந்தச் சின்ன வேடத்துக்கு அவ்வளவு பெரிய மனிதரைக் கூப்பிட்டதன் பலன் ஒவ்வொரு பார்வையிலும் தெரிகிறது. அவர் எதையும் மிகைப்படுத்துவதே இல்லை. தட்டில் ஐஸ் மேல் பரப்பிய கடல் உணவு வருகிறது. சிப்பிகள், பெரிய இறால் வகைகள். பீனுக்கு எதுவும் தெரியாது, ஆனால் தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் முடியாது. எதிரே அந்தப் பெரியவர் மரியாதையான புன்னகையோடு நின்றுகொண்டே இருக்கிறார்.

முதலில் சிப்பி. ஓட்டை வாயருகே கொண்டுபோகிறார். உள்ளே இருப்பது வழுவழுவென்று நழுவி வாய்க்குள் போகிறது. முகத்தைப் பாருங்கள். ஒரு சதைகூட நகராது, கண் மட்டும் மெதுவாக விரியும். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பணியாளரைப் பார்த்துத் தலையாட்டிப் பிரமாதம் என்று காட்ட வேண்டும். அவர் பார்வை அந்தப் பக்கம் திரும்பிய நொடியில் சிப்பி துணிக்குள் போகிறது. பிறகு துணியிலிருந்து பக்கத்து மேசைப் பெண்ணின் திறந்திருக்கும் கைப்பைக்குள். அந்தப் பெண் அந்தப் பைக்குள் கையை விடப்போகும் நேரத்துக்காக நாம் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறோம். நம் சிரிப்பு அந்தக் காத்திருப்பிலேயே பாதி முடிந்துவிடும்.

அடுத்தது இறால். ஓட்டை உரிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தலையோடு, ஓட்டோடு, மீசையோடு கடிக்கிறார். 'கரக் மொறுக்' என்ற அந்த ஓசையைச் சத்தமாக வைத்துக் கேளுங்கள். ரோஷ்ஃபோரின் முகத்தில் அருவருப்பு வராது, கோபம் வராது. தொழிலில் இத்தனை வருடம் பார்த்திராத ஒன்றைப் பார்க்கும் ஒரு கண்ணியமான வியப்பு மட்டும் வரும். விழுவதும் அடிபடுவதும் மட்டுமே உடல்மொழி நகைச்சுவை என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். இரண்டு பேரும் நகர்வதுகூட இல்லை. ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், ஒருவர் நிற்கிறார். நகர்வதெல்லாம் இரண்டு முகங்கள். அம்மாவுக்கு இந்தக் காட்சி மிகவும் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். விருந்துக்குப் போன இடத்தில், நமக்குப் பிடிக்காததைத் தட்டில் வைத்துவிட்டு, சாப்பிடுகிறோமா என்று ஒருவர் எதிரே நின்று பார்க்கிற அனுபவம் யாருக்குத்தான் இல்லை?

கதை உண்மையில் நகரத் தொடங்குவது இதற்குப் பிறகுதான். நடைமேடையில் ஒருவரிடம் கேமராவைக் கொடுத்து, தான் ரயிலில் ஏறுவதைப் படம் பிடிக்கச் சொல்கிறார் பீன். சரியாக வரவில்லை, இன்னொரு முறை. மறுபடியும். கடைசியில் கதவு மூடி ரயில் கிளம்பிவிடுகிறது. பீன் உள்ளே, அந்த மனிதர் வெளியே. அவருடைய மகன் ஸ்டெபான் ரயிலுக்குள் தனியாக. அந்தத் தந்தை எமில், கான் திரைப்பட விழாவுக்கு நடுவராகப் போகிற ரஷ்யர். இப்போது பீனின் தலையில் ஒரு பொறுப்பு விழுந்துவிட்டது: பையனைத் தந்தையிடம் சேர்க்க வேண்டும். கேட்டால் பெரிய கடமை. ஆனால் இரண்டு பேருக்கும் பொதுவான மொழி எதுவும் கிடையாது.

ஒரு நிலையத்தில் இவர்கள் இறங்கிக் காத்திருக்க, தந்தை வரும் ரயில் நிற்காமல் பறக்கிறது. அவர் ஜன்னலில் தன் தொலைபேசி எண்ணைத் தூக்கிக் காட்டுகிறார். ஆனால் பிடித்திருக்கும் விரல்கள் கடைசி இரண்டு இலக்கங்களை மறைத்துவிடுகின்றன. பீன் அசரவில்லை. மறைந்தது இரண்டு இலக்கம் என்றால் மொத்தம் நூறு வாய்ப்பு. பொதுத் தொலைபேசியில் ஒவ்வொன்றாகப் போட ஆரம்பிக்கிறார். மறுபடியும் அதே நேர்கோடு பார்த்தீர்களா? வழி இருக்கிறது, நீளமாக இருக்கிறது, அதனால் என்ன, நடப்போம். பலன் என்னவென்றால், அடுத்த ரயில் வந்த அவசரத்தில் பர்ஸ், பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாவற்றையும் தொலைபேசி மேலேயே வைத்துவிட்டு ஏறிவிடுகிறார்.

கையில் காசில்லாமல் இருவரும் ஒரு சந்தையில் நிற்கும் கட்டம் என் மனதுக்கு மிக நெருக்கமானது. பலவிதமாக ஆடிப் பார்த்தும் யாரும் காசு போடவில்லை. கடைசியில் ஒரு ஓப்பரா பாட்டு ஒலிக்கிறது. பீன் தலையில் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு, குழந்தையைப் பறிகொடுத்த தாயாக மாறி வாயசைக்கத் தொடங்குகிறார். சிரிப்புக்காகத் தொடங்குவது ஒரு கட்டத்தில் சிரிப்பாக இருப்பதில்லை. சந்தையில் நிற்பவர்கள் கண்ணைத் துடைக்கிறார்கள், நமக்கும் தொண்டையில் ஏதோ அடைக்கிறது. அந்தப் பாட்டு 'ஓ மியோ பபீனோ காரோ', புச்சினி இசையமைத்து 1918-ல் முதலில் அரங்கேறிய 'ஜியானி ஸ்கிக்கி' என்ற ஓப்பராவில் வருவது. மூலத்தில் தாய் யாரும் அழவில்லை. காதலித்தவனை மணக்க அனுமதிக்கும்படி ஒரு பெண் தன் அப்பாவிடம் கெஞ்சுகிறாள். தலைப்பின் அர்த்தமே 'என் அன்பு அப்பா' என்பதுதான். பக்கத்தில் நிற்பது அப்பாவைத் தொலைத்த ஒரு பையன் என்பதை நினைத்துக்கொண்டு இந்தக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள்.

குறை சொல்லவும் இடம் இருக்கிறது. சந்தைக்குப் பிறகு சிறிது நேரம் படம் தளர்கிறது. பேருந்து டிக்கெட் காற்றில் பறந்து ஒரு கோழியின் காலில் ஒட்டிக்கொள்ள, அதைத் துரத்திப் பண்ணை வரை போகிறார். அங்கே எங்கு பார்த்தாலும் கோழி. நல்ல யோசனைதான், ஆனால் கொஞ்சம் இழுக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலக் கிராமம் போல அரங்கம் போட்டு ஒரு தயிர் விளம்பரம் எடுக்கிறார்கள், கேமராவுக்கு சார்ஜ் போடப் போய் அந்த அரங்கத்தையே பீன் வெடிக்க வைக்கிறார். சத்தம் இருக்கும் அளவுக்கு அதில் நுணுக்கம் இல்லை. ராணுவ உடையும் வெடியும் வருவதால் பையனுக்கு முன்கூட்டியே "இது சும்மா விளம்பரப் படப்பிடிப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பையன் அப்பாவைப் பிரியும் இடமும் சில குழந்தைகளை உலுக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. மற்றபடி கவலைப்படும்படி எதுவும் இல்லை. அமெரிக்காவில் எல்லா வயதினருக்குமான 'ஜி' சான்றிதழும், பிரிட்டனில் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கச் சொல்லும் 'பிஜி' சான்றிதழும் பெற்ற படம்.

எம்மா த கோன் நடித்த சபீன் வந்ததும் படம் நிமிர்ந்து உட்காருகிறது. அவள் கானுக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒரு புது நடிகை. முதன்முதலாகப் பெரிய படமொன்றில் சின்ன வேடம் கிடைத்திருக்கிறது. அவள் ஓட்டி வருவது ஒரு மினி கார். தொடரில் பீன் ஓட்டுவதும் ஒரு மினிதான் என்பதால், அதைப் பார்த்தவர்களுக்கு இந்த வண்டியைக் கண்டவுடனே முகம் மலரும். இரவெல்லாம் வண்டி ஓட்ட வேண்டிய கட்டத்தில் மற்றவர்கள் தூங்கிவிட, தூக்கத்தோடு பீன் தனியாகப் போராடுகிறார். சின்னக் காருக்குள் ஒரே ஒரு முகத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அது ஒரு பாடம்.

அப்புறம் கான். சபீன் நடித்த படத்தின் இயக்குநர் கார்சன் கிளே. அந்த வேடத்தில் வில்லம் டஃபோ. கனமான கலைப்படங்களில் பேர் வாங்கிய நடிகரை, கலைப்பட இயக்குநர் ஒருவரின் அகந்தையை நடித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் மனமுவந்து செய்திருக்கிறார். கிளேயின் படத்துக்குப் பெயர் 'பிளேபேக் டைம்'. எழுத்து, தயாரிப்பு, இயக்கம், நடிப்பு எல்லா இடத்திலும் அவர் பெயரே. அரங்கில் பாதிப் பேர் தூங்குகிறார்கள். சபீன் ஆசையோடு காத்திருந்த அவள் காட்சி வெட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்த பீன் படக்காட்டி அறைக்குள் புகுந்து, கிளேயின் படத்துக்குப் பதிலாகத் தன் கேமராவில் எடுத்ததை ஓடவிடுகிறார். பின்னணியில் கிளேயின் குரல் மட்டும் தொடர்கிறது. அவர் எதையோ சோகமாகப் பேச, திரையில் சபீனின் சிரிப்பும், பையனும், சாலையும் ஓடுகின்றன. குரலும் படமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்.

இதைச் சிலர் நம்ப முடியாத திருப்பம் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் காட்சியிலிருந்து ஒன்றரை மணி நேரமாக அந்தக் கேமரா ஓடிக்கொண்டே இருந்தது நமக்குத் தெரியும். வழிநெடுகச் சிதறிக் கிடந்த ஒவ்வொரு குளறுபடியும் அதில் பதிவாகியிருக்கிறது. நாம் சிரித்து மறந்ததை எல்லாம் கோத்துத் திரும்பத் தரும்போது அது அழகாகத் தெரிகிறது. 2006-ல் நிஜமான திரைப்பட விழா நடந்தபோதே கானில் போய்ப் படம் பிடித்தார்கள் என்பதால் அந்தச் சிவப்புக் கம்பளமும் படிக்கட்டும் கூட்டமும் போலியாகத் தெரியாது.

ஆனால் பீனுக்குக் கைதட்டல் வேண்டியதில்லை. மேடையில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும்போது அவர் பின்வாசல் வழியாக நழுவுகிறார். எதிரே கடல். நடக்கிறார். எப்படி? நேராக! அன்று பாரிஸில் திசைகாட்டியைப் பார்த்து நடந்தாரே, அதே நடை. ஆனால் அன்று வழியில் இருந்த எல்லாமும் மோதின, இடித்தன, சரிந்தன. இன்றைக்குக் குறுக்கே வருகிற ஒவ்வொன்றும், சாலையில் போகிற வண்டிகள் உட்பட, சரியான நொடியில் அவர் காலுக்கடியில் படியாக வந்து நிற்கின்றன. மேலே ஒரு அடி, கீழே ஒரு அடி, நடை ஒரு கணமும் நிற்காமல் மணலில் போய் இறங்குகிறார். கண் இந்த முறை முள்ளில் இல்லை, கடலில் இருக்கிறது. வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இந்த ஒரு நிமிடத்துக்காக இந்தப் படத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்வேன். உலகமே வழிவிடுகிற மாதிரி ஒரு நடை அது.

அப்போது ஒலிப்பது 'லா மேர்', கடல் என்று அர்த்தம். ஷார்ல் ட்ரெனே எழுதிய பாட்டு. 1943-ல் தென் பிரான்சின் கரையோரமாக ரயிலில் போகும்போது, ஜன்னல் வழியே தெரிந்த நீரைப் பார்த்து எழுதினார் என்று சொல்வார்கள். ரயிலில் கடலை நோக்கிப் போகிற ஒருவனின் கதைக்கு ரயிலில் பிறந்த கடல் பாட்டு. கடற்கரையில் எல்லோரும் சேர்ந்து பாடும் அந்தக் கட்டத்தில் அம்மாவுக்கு ஒரு சொல் புரிய வேண்டிய தேவையில்லை.

பிரான்சையும் கடற்கரை விடுமுறையையும் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் ஒரு நன்றிக்கடன் இருக்கிறது. பிரெஞ்சு நடிகரும் இயக்குநருமான ழாக் தத்தி 1953-ல் ஒரு படம் எடுத்தார். அதிகம் பேசாத, வளைந்து நடக்கும், போகிற இடமெல்லாம் அமைதியைக் கலைத்துவிடும் 'ஹூலோ' என்ற மனிதர் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போவதுதான் கதை. அந்தப் படத்தைத் தமிழில் சொன்னால் 'திரு. ஹூலோவின் விடுமுறை'. பீன் படத்துக்கு அந்தப் பெயரின் சாயல் தற்செயலாக வந்ததில்லை. கிளேயின் 'பிளேபேக் டைம்' என்ற பெயரிலும் தத்தியின் 1967-ஆம் ஆண்டுப் படமான 'ப்ளே டைம்' கேட்கிறது. பீனை உருவாக்கும்போது ஹூலோ தன்னைப் பாதித்ததாக அட்கின்சன் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். இருவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஹூலோ எல்லோருக்கும் உதவ நினைத்துக் குழப்புவார். பீன் தனக்கு வேண்டியதைத் தேடிப்போய்க் குழப்புவார். இந்தப் படத்தில் ஸ்டெபான் வந்து சேர்ந்த பிறகுதான் பீன் முதன்முறையாக இன்னொருவருக்காக ஓடுகிறார். தொடரின் பீனை மட்டும் அறிந்தவர்களுக்கு அது புதிதாக இருக்கும்.

1997-ல் வந்த முதல் பீன் படத்தைப் பார்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பார்க்கலாம், ஆனால் இதற்குப் பிறகு பாருங்கள். அதில் அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் போகிறார், விஸ்லர் வரைந்த புகழ்பெற்ற தாய் ஓவியத்தைப் பாழாக்குகிறார். கடைசியில் நீளமாக ஓர் உரையும் ஆற்றுகிறார். அங்கே சுற்றியிருப்பவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், ஆங்கிலம் தெரியாமல் பார்த்தால் நிறைய நழுவிவிடும். இரண்டாவது படம் அந்தத் தவறைச் செய்யவில்லை. வசூலிலும் அது தெரிந்தது. சுமார் 2.5 கோடி டாலரில் எடுத்த படம் உலகெங்கும் சுமார் 23 கோடி டாலர் சம்பாதித்தது. அதில் அமெரிக்காவின் பங்கு சுமார் 3.3 கோடிதான். மீதி முழுக்க மற்ற நாடுகளில் வந்தது. அங்கே பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி, அல்லது தெரியாத மொழி.

பார்க்கும் விதத்தைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா? அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லாதீர்கள். நம் கை பரபரக்கும், "இப்ப அவன் என்ன சொல்றான்னா..." என்று ஆரம்பிக்கத் தோன்றும். வேண்டாம். எங்கள் வீட்டில் முதல்முறை போட்டபோது நான் அதைத்தான் செய்தேன். பத்து நிமிடத்தில் அத்தை என் கையைப் பிடித்து, "நீ சும்மா இரும்மா, எனக்கு எல்லாம் தெரியுது" என்றார். உணவகக் காட்சியில் அவர்தான் முதலில் சிரித்தார், சிப்பி பைக்குள் போவதற்கு முன்னாலேயே. பீனின் கண் அந்தப் பையைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். நான் வசனம் ஏதாவது வருமா என்று கவனித்துக்கொண்டிருந்ததில் அதைத் தவறவிட்டிருந்தேன்.

இன்னொன்று, ஒலியைக் குறைத்து வைக்காதீர்கள். படத்துக்கும் முன்பு தொடருக்கும் இசையமைத்தவர் ஹோவர்ட் குடால். ஓசைகளுக்கு இந்தப் படத்தில் வசனத்தின் இடம். இறால் ஓடு நொறுங்குவதும், நூறு எண்களைப் போடும்போது வரும் மணியோசையும் வாய்விட்டுச் சொல்லும் நகைச்சுவைக்குச் சமம்.

கடற்கரைப் பாட்டு முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். பெயர்கள் எல்லாம் ஓடி முடியும்வரை பையனை உட்கார வையுங்கள். அதற்குப் பிறகு பீன் திரும்ப வருவார். ஈர மணலில் காலால் 'ஃபின்' என்று எழுதுவார். பிரெஞ்சில் அதற்கு 'முற்றும்' என்று அர்த்தம். எழுதியதைக் கேமராவில் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அதன் பேட்டரி தீர்ந்துபோகும்.